இருபத்து நான்காவது டார்பிடோ

1944 அக்டோபர் 25, அதிகாலை சுமார் இரண்டரை மணி. ஃபார்மோசா நீரிணை என்று அன்று அழைக்கப்பட்ட தைவான் நீரிணையில், அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ‘டாங்’ நீர்மட்டத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கி என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத்துக் கப்பல்கள் இரவில் பெரும்பாலும் மேலேதான் ஓடின. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். பாட்டரி மேலே இருக்கும்போதுதான் சார்ஜ் ஆகும். எதிரே ஒரு ஜப்பானியப் போக்குவரத்துக் கப்பல் ஏற்கெனவே அடிபட்டு நகர முடியாமல் நின்றது. டாங் கொண்டுவந்த 24 டார்பிடோக்களில் மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் சரிபார்த்துக் குழாய்களில் ஏற்றியிருந்தார்கள். விட்டுவிட்டால் ஊர் திரும்பலாம்.

இருபத்து மூன்றாவது நேராகப் போனது. இருபத்து நான்காவது குழாயை விட்டு வெளியே வந்ததும் நீர்மட்டத்துக்கு மேலே துள்ளியது. இடப்பக்கம் வளைந்தது. வளைந்துகொண்டே இருந்தது.

மேல்தளத்தில் நின்ற கேப்டன் ரிச்சர்ட் ஓகேன் அவசர வேகம் கேட்டார். சுக்கானை முழுக்கத் திருப்பச் சொன்னார். டார்பிடோ வரும் வட்டத்திலிருந்து வால்பகுதியை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும். எஞ்சின் அறையிலிருந்து உடனே பதில் வந்தது, ஆனால் 1,500 டன் எஃகு உடனே வேகம் பிடிக்காது. முங்கித் தப்பவும் நேரமில்லை. நன்றாகப் பழகிய மாலுமிகளுக்கே கப்பலை நீருக்குள் இறக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். டார்பிடோ எடுத்துக்கொண்டது சுமார் 20 நொடி. பின்பக்கத்து டார்பிடோ அறையை ஒட்டி அடித்தது.

இதை ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். டாங் விட்டது மார்க் 18 வகை மின்சார டார்பிடோ. வேகம் மணிக்கு ஏறக்குறைய 29 கடல் மைல், அதாவது நொடிக்குச் சுமார் 15 மீட்டர். 20 நொடியில் 300 மீட்டர். அதை ஒரு முழு வட்டத்தின் சுற்றளவு என்று வைத்துக்கொண்டால் குறுக்களவு 95 மீட்டர். டாங்கின் நீளம் 311 அடி, அதுவும் 95 மீட்டர். கப்பலும் நகர்ந்துகொண்டிருந்ததால் இது தோராயக் கணக்குதான். இருந்தாலும் விஷயம் புரியும். டார்பிடோ ஊரைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. கப்பலை ஒட்டியே ஒரு வட்டம் போட்டது.

ஏன் வட்டம்? அதற்கு, அந்தக் காலத்து டார்பிடோ எப்படி நேராகப் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். குழாயை விட்டு வெளியே வந்தபின் அதற்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. அதன் வயிற்றில் ஒரு கைரோஸ்கோப் இருக்கிறது. வேகமாகச் சுழலும் கனமான சக்கரம். சுழலும் பம்பரம் சாய மறுப்பதுபோல அந்தச் சக்கரத்தின் அச்சும் தான் கிளம்பிய திசையை விட்டு விலக மறுக்கும். டார்பிடோவின் உடல் வலப்பக்கம் விலகினால் உடலுக்கும் அச்சுக்கும் இடையே கோணம் விழும். அந்தக் கோணம் ஒரு சிறு வால்வைத் தள்ளும். வால்வு சுக்கானை இடப்பக்கம் திருப்பும். இதில் நிதானம் எதுவும் கிடையாது. சுக்கான் முழுக்க இடம், அல்லது முழுக்க வலம். நேராக ஓடுவதாகத் தோன்றும் டார்பிடோ உண்மையில் இடமும் வலமுமாக நெளிந்துகொண்டேதான் ஓடுகிறது. அந்த நெளிவு மிகச் சிறியது, அவ்வளவுதான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போதும். கைரோ சாய்ந்துவிட்டாலோ, வால்வு சிக்கிக்கொண்டாலோ, சுக்கான் ஒரு பக்கமாக இறுகிவிட்டாலோ, அந்த ‘முழுக்க இடம்’ மாறவே மாறாது. சுக்கான் ஒரே பக்கம் நின்றுவிட்ட எந்தக் கலமும் வட்டம்தான் போடும். டாங்கின் கடைசி டார்பிடோவில் இவற்றில் எது நடந்தது என்று சொல்ல வழியில்லை. சாட்சியான பொருளே வெடித்துச் சிதறிவிட்டது.

டாங்கின் கதையை ஒரு வருடம் பின்னுக்கு இழுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மேர் தீவுக் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்டு, 1943 அக்டோபர் 15 அன்று சேவையில் சேர்ந்த கப்பல் அது. ஓகேன் அதற்கு முன் ‘வாஹூ’ என்ற நீர்மூழ்கியில் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்தவர். அதன் கேப்டன் டட்லி மார்ட்டன் அன்றைய அமெரிக்கக் கடற்படையில் பெரிய பெயர். பெரிஸ்கோப்பில் கண்ணை வைக்கும் வேலையை ஓகேனிடம் கொடுத்துவிட்டு, தான் நிலைமையை எடைபோடுவதில் மட்டும் கவனம் செலுத்துவது அவர் வழக்கம். டாங் சேவையில் சேர்வதற்கு நான்கு நாள் முன்னால் வாஹூ ஜப்பானுக்கு வடக்கே லா பெரூஸ் நீரிணையில் எல்லாரோடும் மூழ்கியது.

ஆசானிடம் கற்றதை ஓகேன் வீணாக்கவில்லை. போருக்குப் பின் அமெரிக்க அரசின் கணக்கெடுப்புக் குழு டாங்கின் பேரில் எழுதியது 24 கப்பல்கள், ஏறக்குறைய 93,800 டன். அவற்றில் 10 கப்பல்கள் 1944 ஜூனில் தொடங்கிய மூன்றாவது ரோந்து ஒன்றிலேயே. அமெரிக்க நீர்மூழ்கி எதுவும் ஒரே ரோந்தில் அதைத் தாண்டவில்லை. இரண்டாவது ரோந்தில் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ட்ரூக் தீவுக்கருகே கடலில் விழுந்த 22 அமெரிக்க விமான வீரர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தது. என் கணக்கில் அந்த ரோந்துதான் உசத்தி. ஆனால் கடற்படைகள் டன்னில்தான் அளக்கின்றன.

இதற்கெல்லாம் முன்பே அமெரிக்கக் கடற்படையின் டார்பிடோக்களின் மானம் கப்பலேறியிருந்தது. போரின் தொடக்கத்தில் நீர்மூழ்கிகளிடம் இருந்தது மார்க் 14. அது ஒன்றல்ல, மூன்று கோளாறுகளைச் சுமந்துகொண்டு வந்தது. ஒன்றை நீக்கினால்தான் அடுத்தது கண்ணில் பட்டது.

முதல் கோளாறு ஆழம். வைத்த அளவைவிட மூன்று மீட்டருக்கு மேல் கீழே இறங்கி, இலக்குக் கப்பலின் அடியில் நுழைந்து போய்விடும். 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே அட்மிரல் சார்லஸ் லாக்வுட் ஒரு மீன்வலையைக் கடலில் கட்டித் தொங்கவிட்டு, அதன் குறுக்கே டார்பிடோக்களை விட்டுப் பார்த்தார். வலையில் விழுந்த ஓட்டைகள் உண்மையைச் சொல்லிவிட்டன. காரணம் பள்ளிக்கூட இயற்பியல். ஆழத்தை அளக்கும் கருவி சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைப் பார்க்கிறது. அதன் துளை டார்பிடோவின் வால்பக்கத்தில் இருந்தது. ஓடும்போது அங்கே நீர் விரைந்து வழிவதால் அழுத்தம் குறையும். ‘இன்னும் ஆழம் போதவில்லை’ என்று கருவி நம்பும். டார்பிடோ இன்னும் இறங்கும். நின்ற நிலையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

இரண்டாவது, கப்பலின் எஃகு பூமியின் காந்தப்புலத்தைக் கலைப்பதை உணர்ந்து அடியிலேயே வெடிக்கும் காந்த வெடிப்பான். ரோட் தீவில் உருவாக்கிய கருவி பசிஃபிக்கின் வேறு அட்சரேகையில் கண்டபடி நடந்துகொண்டது. 1943 ஜூனில் அட்மிரல் நிமிட்ஸ் அதை நிறுத்திவைக்கச் சொன்னார்.

மூன்றாவதுதான் வேடிக்கை. மோதினால் வெடிக்க வேண்டிய வெடிப்பான் மோதியும் வெடிக்கவில்லை. 1943 ஜூலையில் ‘டினோசா’ நீர்மூழ்கி, நகராமல் நின்ற ஒரு பெரிய ஜப்பானியக் கப்பலின் விலாவில், பாடப்புத்தகம் சொல்வதுபோல் செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக டார்பிடோக்களை விட்டது. அடுத்தடுத்துச் செத்த அடி. காரணம் தேடி ஹவாயில் 90 அடி உயரத்திலிருந்து வெடிமருந்தில்லாத டார்பிடோத் தலைகளை எஃகுத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தார்கள். தகட்டில் செங்குத்தாக விழுந்த பத்தில் ஏழு வெடிப்பான்கள் வேலை செய்யவில்லை. சரிவாக விழுந்தவற்றில் தோல்வி பாதியாகக் குறைந்தது. நேர் மோதலில் திடீரென்று வேகம் அறுபடும் விசை, வெடியூசி ஓடும் தடத்தையே நெளித்துவிடுகிறது. ஊசி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. குறி தப்பியவனுக்கு வெடித்தது, குறி பார்த்து அடித்தவனுக்கு வெடிக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம், கடலிலிருந்து வந்த புகார்களுக்குக் கரையில் இருந்தவர்கள் சொன்ன பதில் ‘நீங்கள் சரியாகக் குறிபார்க்கவில்லை’ என்பதுதான்.

மார்க் 18 இந்தக் களேபரத்துக்கு இடையே வந்தது. ஜெர்மானியரிடமிருந்து கிடைத்த மின்சார டார்பிடோவைப் பார்த்து, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் உருவாக்கியது. மார்க் 14 ஆல்கஹாலை எரித்து ஓடுவதால் கடல்மேல் நுரைக்கோடு ஒன்றை விட்டுச் செல்லும். காவல் கப்பல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து நீர்மூழ்கியைத் தேடும். பாட்டரியில் ஓடும் மார்க் 18க்குக் கோடு கிடையாது. அதற்குக் கொடுத்த விலை வேகம்: மணிக்கு 46 கடல் மைலுக்குப் பதில் 29. பாட்டரி ஹைட்ரஜனைக் கசியவிடும் என்பதால் குழாயில் படுத்திருக்கும்போதும் கவனிக்க வேண்டும். ஓகேனுக்கு அது பிடித்துப்போயிற்று. தன் ஐந்தாவது ரோந்துக்கு 24 மார்க் 18களோடு 1944 செப்டம்பர் 24 அன்று முத்துத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்.

ஃபார்மோசா நீரிணையில் அக்டோபரில் கப்பல்கள் நெருக்கியடித்துக்கொண்டு போயின. பிலிப்பைன்ஸில் லேய்ட்டே போர் மூண்டிருந்தது. ஜப்பான் அங்கே ஆட்களையும் எண்ணெயையும் விமானங்களையும் அனுப்பியாக வேண்டும். அக்டோபர் 23 இரவு ஒரு கப்பல் வரிசை, 24 இரவு இன்னொன்று. இரண்டுக்குள்ளும் டாங் நீர்மட்டத்திலேயே புகுந்து அடித்தது. தளங்களில் பெட்டி பெட்டியாக விமானங்களை அடுக்கிய கப்பல்கள் எரிந்தன. அதன் பிறகுதான் கடைசி இரண்டு டார்பிடோக்கள்.

வெடிப்புக்குப் பிறகு பின்பக்கத்து அறைகள் நொடிகளில் நிரம்பின. மேல்தளத்தில் நின்ற ஒன்பது பேர் கடலில் விழுந்தார்கள். கடலின் ஆழம் அங்கே 180 அடி, அதாவது 55 மீட்டர். கப்பலின் நீளம் 95. வால் தரையில் ஊன்றியும் மூக்கு நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குத் தரை என்பது இல்லாமல் போய், செங்குத்துச் சரிவாகிவிட்டது. மூக்கு வெளியே தெரிந்தால் எதிரியின் பீரங்கிக்கு வசதி. ஆகவே உயிரோடு இருந்தவர்கள் முன்பக்கத் தொட்டிகளில் நீரை விட்டு, தாங்களே கப்பலைக் கடல் தரையில் படுக்கவைத்தார்கள். தப்பிக்கும் வழி முன்பக்கத்து டார்பிடோ அறையில் இருந்தது. சுமார் முப்பது பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். வழியில் ரகசியத் தாள்களை எரித்தார்கள்; புகை சேர்ந்தது. மேலே ஜப்பானிய ரோந்துக் கப்பல் ஆழ்குண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. முன்பக்கத்துப் பாட்டரி அறையில் மின்கசிவுத் தீ பிடித்தது.

55 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஆறரை வளிமண்டலம். கப்பலுக்குள் ஒரு வளிமண்டலமே இருந்தால், ஒரு சதுர அடிக் கதவை வெளியே தள்ளுவதற்கு ஐந்து டன் எடையைத் தூக்கும் பலம் வேண்டும். எனவே ஒரு சிறு தப்பிக்கும் அறைக்குள் நான்கைந்து பேர் நெருக்கி நின்று, அடிக்கதவை மூடிக்கொண்டு, கடல்நீரை உள்ளே விடுவார்கள். நீர் ஏற ஏறக் காற்று நெரிபட்டுச் சூடாகும், காது குத்தும். உள் அழுத்தம் வெளி அழுத்தத்துக்குச் சமமானதும் கதவு சாதாரணமாகத் திறக்கும். வெளியே ஒரு மிதவையின் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

சுவாசத்துக்கு மோம்சன் பை. சார்லஸ் மோம்சன் என்ற கடற்படை அதிகாரி 1920களின் நீர்மூழ்கி விபத்துகளைப் பார்த்து மனம் நொந்து உருவாக்கியது: கழுத்தில் தொங்கும் ரப்பர்ப் பை, உள்ளே ஆக்சிஜன், வெளிவிடும் கரியமிலவாயுவை உறிஞ்சச் சோடா சுண்ணாம்பு. தான் செய்ததை மற்றவர்மேல் சோதிக்கும் ஆள் இல்லை அவர். 1929இல் தானே 60 மீட்டருக்கும் கீழே கிடந்த ஒரு நீர்மூழ்கியிலிருந்து இதை மாட்டிக்கொண்டு வெளியேறிக் காட்டினார்.

ஆனால் சுத்த ஆக்சிஜன் ஆறரை வளிமண்டலத்தில் நஞ்சு. அங்கே நீண்ட நேரம் சுவாசித்தால் வலிப்பு வரும். இன்னொரு ஆபத்து அதைவிடப் பெரியது. ஆழத்தில் ஐந்து லிட்டர் காற்று நுரையீரலில் இருந்தால், அது மேலே வரும்போது முப்பது லிட்டருக்கு மேல் விரியப் பார்க்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வருபவனின் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழ்கள் ரத்தத்தில் நுழைந்து மூளையை அடைக்கும். பயந்தவன் மூச்சைத்தான் பிடிப்பான். பிழைக்க வேண்டுமானால் விட்டுக்கொண்டே வர வேண்டும். மிகப் பெரிய விரிவு நடப்பது கடைசிப் பத்து மீட்டரில். வெளிச்சம் தெரிந்து, வந்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில்.

அந்த முன்னறையிலிருந்து 13 பேர் வெளியேறினார்கள். கடைசி ஆள் கிளம்பும்போது தடுப்புச் சுவரின் பெயின்ட் தீயின் சூட்டில் உருகி வழிந்துகொண்டிருந்தது. 13 பேரில் நீர்மட்டத்தை எட்டியவர்கள் எட்டு. மீட்புக் கப்பல் வரும்வரை தாக்குப்பிடித்தவர்கள் ஐந்து. மேல்தளத்திலிருந்து விழுந்த ஒன்பது பேரில் மூன்று பேர் விடியும்வரை நீந்தினார்கள். ஓகேன் அவர்களில் ஒருவர். நீர் நிரம்பிய கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் ஒரு காற்றுப் பையில் மூச்சு வாங்கிக்கொண்டு, மோம்சன் பை எதுவும் இல்லாமலே மேலே வந்தார் லாரன்ஸ் சவாட்கின் என்ற அதிகாரி. மொத்தம் ஒன்பது. கப்பலோடு போனவர்கள் 78.

போருக்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை இத்தகைய தப்பித்தல்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, கருவி மாட்டிக்கொண்டு வந்தவர்களும் வெறுமனே மூச்சை விட்டுக்கொண்டு வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் பிழைத்திருந்தது தெரிந்தது. அமெரிக்காவும் மோம்சன் பையைக் கைவிட்டு, மூச்சை விட்டபடி மிதந்தேறும் பயிற்சிக்கு மாறியது.

ஒன்பது பேரையும் ஒரு ஜப்பானியக் காவல் கப்பல் தூக்கியது. அதன் தளத்தில், முந்தைய மணிநேரங்களில் டாங் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து தீக்காயங்களோடு மீட்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்கர்களை அடித்து நொறுக்கியவர்கள் அவர்கள்தான். தன் கைவேலையின் பலனை நேருக்கு நேர் பார்த்த பிறகு அந்த அடிகளைத் தாங்கிக்கொள்வது சற்று எளிதாயிற்று என்ற பொருளில் ஓகேன் பின்னாளில் எழுதினார். அந்த நேர்மை எனக்கு அவருடைய டன் கணக்கைவிட முக்கியமாகப் படுகிறது.

பிறகு ஓஃபுனா, ஓமோரி கைதி முகாம்கள். ஓஃபுனாவில் அடைபட்டவர்களைப் பற்றி ஜப்பான் வெளியுலகுக்குத் தகவல் தருவதில்லை. அமெரிக்கக் கடற்படைக்குத் தெரிந்ததெல்லாம், டாங் திரும்பி வரவில்லை என்பது மட்டும். சொந்த டார்பிடோவே கப்பலைக் கொன்றது என்ற செய்தி 1945இல் போர் முடிந்து கைதிகள் வெளியே வந்தபோதுதான் கரையேறியது.

இந்தத் தாமதத்தில்தான் இந்த அத்தியாயத்தின் அறிவியல் இருப்பதாக நினைக்கிறேன். டாங்குக்கு ஏழு மாதம் முன்பு, 1944 மார்ச்சில் பலாவுக்கு வடக்கே ‘டல்லிபீ’ என்ற நீர்மூழ்கியும் இதேபோல் தன் டார்பிடோவாலேயே மூழ்கியது. பிழைத்தவர் ஒரே ஒருவர். அவரும் கைதியானார், அவர் கதையும் போர் முடியும்வரை வெளிவரவில்லை. ஏழு மாதத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை ஒரு முகாமுக்குள் பூட்டிக் கிடந்தது.

டார்பிடோ வட்டமடிக்கும் என்பது கடற்படைக்குத் தெரியாத ரகசியம் அல்ல. தலைக்கு மேலே தன் டார்பிடோ சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆழத்துக்கு இறங்கித் தப்பிய கப்பல்கள் இருந்தன. அவற்றின் ரோந்து அறிக்கைகளில் அது பதிவானது. ஆனால் அந்த அறிக்கைகள் எல்லாமே தப்பியவர்கள் எழுதியவை. தப்பாதவர்கள் எழுதவில்லை. கரையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு வட்ட ஓட்டம் என்பது வயிற்றைக் கலக்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் போய்விடும் சங்கடமாகவே தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளை இழந்தது. 3,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சொந்த டார்பிடோவுக்கு இரையானவை என்று பட்டியலில் இருப்பவை இரண்டு. இரண்டிலும் யாரோ பிழைத்தார்கள், அதனால்தான் அவை பட்டியலில் இருக்கின்றன. யாரும் பிழைக்காத கப்பல்களை எதிரியின் கணக்கிலோ ‘காரணம் தெரியவில்லை’ என்ற கணக்கிலோதான் எழுத முடியும்.

எதிர் உதாரணமும் உண்டு. 1942 மார்ச்சில் ஆர்க்டிக் கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘ட்ரினிடாட்’ ஜெர்மன் கப்பலை நோக்கி விட்ட டார்பிடோ திரும்பி வந்து அதையே அடித்தது. கப்பல் அன்று மூழ்கவில்லை. அடித்தது சொந்த டார்பிடோதான் என்று கண்டுபிடித்து, கடுங்குளிரில் கைரோவின் எண்ணெய் உறைந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர முடிந்தது.

வட்டத்தை நிறுத்தும் யோசனை புதிதல்ல. அமெரிக்க டெஸ்ட்ராயர்கள் விட்ட மார்க் 15 டார்பிடோவில் அதற்கான ஏற்பாடு இருந்தது. நீர்மூழ்கிகளின் மார்க் 14க்கு அது வந்து சேரவேயில்லை. இதில் ஒரு உண்மையான சிக்கலும் இருக்கிறது. நீர்மூழ்கியின் குழாய்கள் முன்னும் பின்னும் மட்டுமே பார்க்கும். பக்கவாட்டில் இருக்கும் இலக்கை அடிக்க டார்பிடோ வெளியே வந்ததும் வேண்டுமென்றே பெருங்கோணத்தில் திரும்பியாக வேண்டும். தடுக்கும் கருவி, கேட்டுக்கொண்ட திருப்பத்தையும் கோளாறான திருப்பத்தையும் பிரித்தறிய வேண்டும். கடினம்தான், ஆனால் முடியாததல்ல: கிளம்பிய திசையிலிருந்து குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டித் திரும்பினால் மோட்டாரை அணைத்துவிடு, வெடிப்பானைச் செயலிழக்கச் செய்துவிடு. போருக்குப் பின் வந்த டார்பிடோக்களில் இது இடம் பிடித்தது.

ஐந்தாவது ரோந்தின் பதிவேடு டாங்கோடு கடலடிக்குப் போய்விட்டது. விடுதலையான பிறகு ஓகேன் அந்த ரோந்தின் அறிக்கையை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தார், இருபத்து நான்காவது டார்பிடோ உட்பட. 1946 மார்ச்சில் அதிபர் ட்ரூமன் அவருக்கு நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கத்தை அணிவித்தார்.